அனோரெக்ஸியாவுக்கு சைலோசைபின் சிகிச்சை: நிஜமா எதுவரைக்கும் வந்திருக்கு?

நர்ஸ் தேன்மொழி

எல்லாருக்கும் வணக்கம். "ஒரே ஒரு டோஸ் மேஜிக் மஷ்ரூம், அனோரெக்ஸியா குணம்"னு ஒரு ஃபார்வர்டு நம்ம ஆளுங்க குரூப்புல எல்லாம் சுத்துது, சில அம்மாக்கள் எனக்கே அனுப்பி இது எங்க கிடைக்கும்னு கேட்டாங்க, அதான் இந்த இழை. அனோரெக்ஸியான்னா சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பு ஆபத்தான அளவுக்கு மெலிஞ்சு போற மனநோய், சைலோசைபின்ங்கிறது அந்த மேஜிக் மஷ்ரூம்ல இருக்கிற, மனநிலையை மாத்துற பொருள். நான் கலிஃபோர்னியால ஈட்டிங் டிஸார்டர், அதாவது சாப்பாடு சம்பந்தமான மனநோய் வார்டுல நர்ஸா இருக்கேன். அந்த ஃபார்வர்டுக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு ஆய்வு இருக்கு, நல்ல ஆய்வும்கூட, ஆனா அதுல எழுதியிருக்கிறது வேற, ஃபார்வர்டு சொல்றது வேற.

2023 ஜூலைல நேச்சர் மெடிசின் இதழ்ல வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல ஸ்டெஃபனி நாட்ஸ் பெக், வால்டர் கே, அவங்க டீம் செஞ்சது. மொத்தமே 10 பேர், எல்லாரும் பெண்கள், 18லேர்ந்து 40 வயசுக்குள்ள. 25 மில்லிகிராம் சைலோசைபின், ஒரே ஒரு தடவை. அது காளான் இல்லைங்க, காம்பஸ் பாத்வேஸ்ங்கிற கம்பெனி செயற்கையா தயாரிச்ச மருந்து. முழுங்கிட்டு வீட்டுக்குப் போறதும் கிடையாது. முன்னாடியே தெரபிஸ்ட்டோட பல தடவை உக்காந்து பேசித் தயாராகணும், மருந்து குடுக்கிற அன்னைக்கு கண்ணைக் கட்டிக்கிட்டு பாட்டு கேட்டுக்கிட்டு படுத்திருக்கணும், பக்கத்துலயே ரெண்டு தெரபிஸ்ட், ஆறேழு மணி நேரம், அப்புறமும் வந்து வந்து பேசணும்.

மூணு மாசம் கழிச்சுப் பாத்தா 4 பேருக்கு நோயோட மனசு சம்பந்தமான அளவீடு சாதாரண ஆளுங்க அளவுக்குப் பக்கத்துல இறங்கியிருந்தது. பெரும்பாலானவங்க இது என் வாழ்க்கைலயே ரொம்ப அர்த்தமுள்ள அனுபவங்கள்ல ஒண்ணுன்னு சொன்னாங்க. அதே பெரும்பாலானவங்க ஒரு தடவை போதாதுன்னும் சொல்லியிருக்காங்க, ஃபார்வர்டுல இந்த வரி காணோம். எடைல குறிப்பிடும்படியா மொத்தமா மாற்றம் இல்ல. இந்த வரியும் காணோம். எடை பத்தின கவலை குறைஞ்சது மூணு மாசமும் நின்னுது, உடம்போட வடிவம் பத்தின கவலை ஒரு மாசத்துல குறைஞ்சது, மூணாவது மாசத்துல அந்தக் குறைவு குறிப்பிடும்படியா இல்ல. சாப்பாட்டைக் கட்டுப்படுத்துற பழக்கம் பெருசா அசையல.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அனோரெக்ஸியா "ஸ்டைலுக்கு டயட் இருக்காங்க"ங்கிற விஷயம் இல்ல. மனநோய்கள்லயே உயிர் போற வாய்ப்பு ரொம்ப அதிகமா உள்ளதுல இது ஒண்ணு, 2011ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வுல அதே வயசு ஆளுங்களைவிட இறப்பு விகிதம் 5 மடங்குக்கும் மேலன்னு வந்துச்சு, இறந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் தற்கொலை. அளவுமீறி சாப்பிட்டு வாந்தி எடுக்கிற மாதிரியான புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின்ங்கிற மாத்திரை இருக்கு, கட்டுப்பாடு இல்லாம சாப்பிடுற பிஞ்ஜ் ஈட்டிங்குக்கு 2015லேர்ந்து ஒரு மாத்திரை இருக்கு, அனோரெக்ஸியாவுக்குன்னு அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ ஒத்துக்கிட்ட மருந்து ஒண்ணுகூட இல்ல. அதனால புதுசா ஒண்ணு வந்தா எனக்கும் ஆசைதான். வார்டுல ஒரு பொண்ணு ஒரு சின்ன தயிர் கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மூடியைத் திறக்க முடியாம உக்காந்திருப்பா, பசி இருக்கும், சாப்பிடணும்னு அவளுக்கே தெரியும், விரல் நடுங்கும், கண்ல தண்ணி வரும், மூடி மட்டும் திறக்காது. நாங்க பக்கத்துல உக்காந்து வேற ஏதாவது பேசிட்டு இருப்போம். இதைத் தினம் பாக்கிறவளுக்கு எந்த ஆராய்ச்சி வந்தாலும் ஒரு எதிர்பார்ப்பு வரத்தான் செய்யும்.

தெரிஞ்சவங்க வந்து பேசுங்க, கேள்வி இருந்தா கேளுங்க.

கொங்கு செந்தில்

தேன்மொழி மேடம், நல்ல பதிவு. ஆனா பத்தே பேரா? எனக்கு மருத்துவம் தெரியாது, புள்ளிவிவர வேலைதான் பாக்கிறேன், பத்து பேருல நாலுன்னா அதை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுங்க, அடுத்த பத்துல ஒண்ணு வரலாம் ஏழும் வரலாம். இதுல ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இருந்துச்சா? பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை குடுத்த குழு?

நர்ஸ் தேன்மொழி

இல்லைங்க செந்தில். எல்லாருக்கும் மருந்து, எல்லாருக்கும் தெரியும் மருந்துதான்னு. அந்த ஆய்வோட நோக்கமே இது பாதுகாப்பா குடுக்க முடியுதா, நோயாளிங்க தாங்குவாங்களாங்கிறதுதான், குணமாகுதாங்கிறது ரெண்டாவது. அந்த முதல் கேள்விக்கு நல்ல பதில் வந்திருக்கு, பெரிய ஆபத்து ஒண்ணும் நடக்கல. ரெண்டு பேருக்கு ரத்தத்துல சுகர் இறங்கியிருந்தது, அறிகுறி எதுவும் இல்ல, ஒரு நாளுக்குள்ள சரியாயிடுச்சு. அறிகுறி இல்லாம இறங்கினதைக் கண்டுபிடிச்சதே டெஸ்ட் எடுத்ததாலதான், அதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

மெல்பர்ன் அருண்

நான் மூளை ஆராய்ச்சிப் பக்கம் வேலை செய்றவன், எலிதான் என் உலகம், அதனால அந்தப் பக்கத்தைச் சொல்றேன்.

முதல்ல வால்டர் கே ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்ற ஒரு விளக்கம், எனக்கு ரொம்ப நியாயமாப் படுது. அனோரெக்ஸியா வர்ற பிள்ளைங்க நிறைய பேரு சின்ன வயசுலேர்ந்தே பதட்டம் அதிகம், எல்லாம் கச்சிதமா இருக்கணும்னு நினைக்கிற சுபாவம். மனநிலையோட சம்பந்தப்பட்ட செரோடோனின்ங்கிற ரசாயனம் மூளைல தயாராகணும்னா சாப்பாட்டுலேர்ந்து டிரிப்டோஃபேன்ங்கிற சத்து வரணும். சாப்பிடாம இருந்தா அது குறையுது, செரோடோனின் குறையுது, அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கைல மொத முறையா ஒரு அமைதி கிடைக்குது. திரும்ப சாப்பிட ஆரம்பிச்சா பதட்டமும் கூடவே திரும்பி வருது. அப்ப நம்ம "சாப்பிடுடா கண்ணு, சரியாயிடும்"னு சொல்றோம், அவங்க உடம்புக்குள்ள நடக்கிறது நேர் எதிர். வீட்ல இருக்கிறவங்க இது பிடிவாதம்னு நினைச்சு கோவப்படுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். டிப்ரஷனுக்குக் குடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைங்க எடை ரொம்பக் குறைஞ்சவங்ககிட்ட சரியா வேலை செய்யாததுக்கும் இதே காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க, செரோடோனினே குறைவா இருந்தா அதை சேமிச்சுக் குடுக்கிற மாத்திரை எதை சேமிக்கும்.

சைலோசைபின் வேற வழில போகுது. உடம்புக்குள்ள போனதும் சைலோசினா மாறி, செரோடோனின் போய் ஒட்டுற இடங்கள்ல ஒண்ணான 2ஏங்கிற ரிசெப்டர்ல நேரா போய் உக்காருது. அனோரெக்ஸியாலேர்ந்து மீண்டவங்க மூளையை ஸ்கேன் பண்ணினப்ப இதே ரிசெப்டர்ல வித்தியாசம் இருந்ததுன்னு முன்னாடியே ஆய்வுகள் இருக்கு. அதனால யாரோ சும்மா ஃபேஷனுக்கு இந்த மருந்தை எடுத்து இந்த நோய்மேல போட்டுப் பாக்கல, காரணம் இருக்கு.

இங்க மோனாஷ் பல்கலைக்கழகத்துல கிளேர் ஃபோல்டி அவங்க லேப்ல பெண் எலிங்களை வச்சு ஒரு ஆய்வு, 2024ல மாலிக்யூலர் சைக்கியாட்ரில வந்தது. கூண்டுக்குள்ள ஓடுற சக்கரம் வச்சிட்டு சாப்பாட்டை ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டும் குடுத்தா, சில எலிங்க சாப்பாடு இருக்கிற நேரத்துலயே போதுமான அளவு சாப்பிடாம சக்கரத்துலயே ஓடி ஓடி எடை இறங்கிக்கிட்டே போகும். யாரும் அந்த எலிகிட்ட நீ குண்டா இருக்கேன்னு சொல்லல, அதுக்கு இன்ஸ்டாகிராமும் கிடையாது, ஆனாலும் நடக்குது, அதைப் பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். சைலோசைபின் குடுத்த எலிங்க எடையை இன்னும் நல்லா காப்பாத்திக்கிச்சு, அதோட விதியை மாத்தினா புது விதியைப் பிடிச்சுக்கிற திறமையும் கூடியிருந்தது. அந்த ரெண்டாவது விஷயம்தான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். அனோரெக்ஸியால மனசு ஒரே தடத்துல இறுகிப் போயிருக்கும், இந்த மருந்து அதைக் கொஞ்ச நாளைக்கு மழை பெஞ்ச மறுநாள் மண்ணு மாதிரி இளக வைக்கலாம். அந்த நாட்கள்ல என்ன விதைக்கிறோம்ங்கிறது தெரபிஸ்ட் கைலயும் குடும்பத்து கைலயும் இருக்கு, மருந்துகிட்ட இல்ல.

வன்னிப்பூ

தேன்மொழி அக்கா, நான் லண்டனில இருக்கிறன். என்ர மகளுக்கு 16 வயசு. அவள் முந்தி புட்டும் மீன்குழம்பும் எண்டா உயிரை விடுவாள், இப்ப ஒரு வருசத்துக்கு மேல சாப்பாட்டு மேசையில ஒவ்வொரு நாளும் அழுகைதான், அவளும் அழுறாள் நானும் அழுறன், தேப்பன் எழும்பிப் போயிடுவார். சொந்தக்காரர் வந்தா "நல்லா மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்" எண்டு சொல்லினம், எனக்கு அவையளை என்ன செய்யிறதெண்டே தெரியேல்ல. ஜீபியிட்ட, அதுதான் இங்கத்த குடும்ப டாக்டரிட்ட, கூட்டிக்கொண்டு போனன், நிறை இன்னும் அவ்வளவு குறையேல்ல, கொஞ்ச நாள் பாப்பம் எண்டு சொல்லி அனுப்பிட்டினம்.

இங்க இம்பீரியல் காலேஜில இந்த மருந்து குடுக்கினம் எண்டு வாசிச்சன். பிள்ளையை அதில சேர்க்க ஏலுமோ? காசு எவ்வளவு எண்டாலும் பரவாயில்லை, எப்பிடியாவது தேடுவன்.

நர்ஸ் தேன்மொழி

வன்னிப்பூ அக்கா, உங்க பதிவைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. ஒவ்வொண்ணா சொல்றேன்.

இம்பீரியல்ல டேவிட் நட், மெக் ஸ்ப்ரிக்ஸ் அவங்க டீம் 2021லயே திட்டத்தை வெளியிட்டாங்க, 20 பெண்கள், ஆறு வாரத்துல மூணு தடவை மருந்து, கூடவே மூளை ஸ்கேன். பெரியவங்களுக்கு மட்டும்தான். 16 வயசுப் பிள்ளைக்கு எந்த ஊர்லயும் இந்த மருந்தை இந்த நோய்க்குக் குடுக்க மாட்டாங்க, குடுக்கக் கூடாது, யாராவது தனியா காசு வாங்கிட்டு குடுக்கிறேன்னு சொன்னா தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆனா உங்க பொண்ணு வயசுக்கு இதைவிட எவ்வளவோ நல்லா நிரூபிச்ச ஒரு வழி இருக்கு, அதுவும் உங்க ஊர்லயே பிறந்தது. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரில 80கள்ல உருவான குடும்ப சிகிச்சை. இதுல அம்மா அப்பாதான் சாப்பாட்டுப் பொறுப்பை கொஞ்ச காலத்துக்கு கைல எடுத்துக்குவாங்க, எப்படி எடுக்கிறதுன்னு தெரபிஸ்ட் வாராவாரம் சொல்லித் தருவாங்க, பிள்ளை தேறத் தேற பொறுப்பைத் திருப்பிக் குடுக்கணும். யாரையும் குத்தம் சொல்ல மாட்டாங்க, உங்களையும் சொல்ல மாட்டாங்க. அப்பாவும் மேசைல இருக்கணும் அக்கா, எழுந்து போகக் கூடாது, அது ரொம்ப முக்கியம்.

நிறை குறையலன்னு திருப்பி அனுப்பினது சரியில்ல. அங்க சிகிச்சை எப்படி இருக்கணும்னு வழிகாட்டி போடுற நைஸ் அமைப்போட 2017 வழிகாட்டில தெளிவா இருக்கு, பிஎம்ஐ மாதிரி ஒரே ஒரு அளவை மட்டும் வச்சு சிகிச்சை குடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு. அந்த வரியை பிரிண்ட் எடுத்து கொண்டு போங்க. பீட்னு ஒரு தொண்டு நிறுவனம் இருக்கு, ஈட்டிங் டிஸார்டருக்குன்னே, குடும்பத்துல உள்ளவங்களும் கூப்பிட்டுப் பேசலாம்.

நிலவொளி

இந்த இழையை படிச்சிட்டு லாக்இன் பண்ணாம இருக்க முடியல. எனக்கு அனோரெக்ஸியா இருந்துச்சு, காலேஜ் முழுக்க, அப்புறம் வேலைக்குப் போயும். இப்ப நல்லா இருக்கேன், சாப்பிடுறேன், பீரியட்ஸ் ஒழுங்கா வருது, பிறந்தநாளுக்கு கேக் வெட்டினா எனக்கும் ஒரு துண்டு உண்டு.

எனக்கு ரொம்ப மோசமா இருந்தப்ப நானும் சைக்கெடெலிக், அதாவது சைலோசைபின் மாதிரி மனநிலையை மாத்துற பொருள்கள் பத்தி ராத்திரி ராத்திரியா தேடினேன். பெருவுல அயாவாஸ்காங்கிற அந்த மாதிரி மூலிகைக் கஷாயத்தைச் சடங்கா குடுக்கிற ஒரு இடத்துக்கு விண்ணப்பமும் போட்டேன். அவங்க என் உடம்பு நிலைமை பத்தி ஒண்ணும் பெருசா கேக்கல, ஆனா ஒரு லிஸ்ட் அனுப்பினாங்க, வர்றதுக்கு முன்னாடி என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு. உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், பால் சாமான் வேண்டாம், கறி வேண்டாம், குடிச்சதும் வாந்தி வரும், அது சுத்திகரிப்புன்னு. அந்த லிஸ்ட்டை படிச்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அதை இன்னைக்கு நினைச்சாலும் பயமா இருக்கு. என் நோய்க்கு ஒருத்தர் புனிதம்னு பேரு வச்சு அனுமதி குடுத்த மாதிரி இருந்துச்சு. என் அக்காதான் அந்த மெயிலைப் பாத்திட்டு விட மாட்டேன்னு நின்னா, போகல.

அயாவாஸ்கால பலன் கிடைச்சதா சொல்றவங்க இருக்காங்க, அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். கனடாவோட அடேல் லஃப்ரான்ஸ் 2017ல 16 பேர்கிட்ட பேட்டி எடுத்து எழுதியிருக்காங்க, ஈட்டிங் டிஸார்டர் இருந்து சடங்குல கலந்துக்கிட்டவங்க, பாதிக்கு மேல அறிகுறி குறைஞ்சதா சொன்னாங்க. நான் படிச்சதுல என்னை உலுக்கினது அவங்க சொன்ன விதம். உடம்பை மொத முறையா எதிரியா பாக்காம என்னோடதுன்னு பாத்தேன்ங்கிற மாதிரி. அந்த உணர்வுக்கு நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன்னு சொல்ல முடியாது. நோய் உள்ளுக்குள்ள பேசும்போது அது நோய் பேசுற மாதிரியே இருக்காதுங்க, நான் பேசுற மாதிரிதான் இருக்கும், அதுலேர்ந்து ஒரு மணி நேரம் தள்ளி நின்னு பாக்க முடிஞ்சா அது எவ்வளவு பெரிய விஷயம்னு இருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஆனா அந்தப் பேட்டிகள் ஏற்கெனவே தேடிப் போய் குடிச்சவங்களோடது, போய் மோசமானவங்க பேட்டி குடுக்க வந்திருக்க மாட்டாங்க. இன்னொண்ணு, அயாவாஸ்கால, செரோடோனினை உடைக்கிற எம்ஏஓங்கிற என்சைமை தடுக்கிற பொருள் இருக்கு, எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை சாப்பிடுற ஆளு அதைக் குடிச்சா செரோடோனின் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஈட்டிங் டிஸார்டர் இருக்கிற எத்தனை பேரு அந்த மாத்திரைல இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

கொங்கு செந்தில்

நிலவொளி, இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. உங்க அக்காவுக்கும்.

ஈசிஆர் விக்கி

எல்லாரும் வெளிநாட்டு ட்ரயல் பத்தியே பேசுறீங்க, நம்ம கொடைக்கானல்லயே இது கிடைக்குது, என் ஃப்ரெண்ட்ஸ் போயிட்டு வந்து மனசு லேசாச்சுன்னு சொன்னாங்க. கேரளா ஹைகோர்ட்டே காளான் போதைப்பொருள் இல்லன்னு சொல்லிடுச்சு, அப்புறம் என்ன பிரச்சனை? எங்க கஸின் ஒருத்திக்கு இந்த சாப்பிடாத பிரச்சனை இருக்கு, கூட்டிட்டுப் போய் பாதுகாப்பா நாங்களே பக்கத்துல இருந்து பாத்துக்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கோம். நல்லெண்ணத்துலதான் கேக்கிறேன்.

வக்கீல் மாறன்

தம்பி விக்கி, சட்டத்தை மட்டும் நான் சொல்லிடுறேன். 2025 ஜனவரில கேரளா ஹைகோர்ட் சொன்னது ஒரு ஜாமீன் வழக்குல. பிடிபட்ட காளானோட மொத்த எடையையும் போதைப்பொருள் எடையா கணக்கு வைக்கலாமாங்கிறதுதான் அங்க கேள்வி, காளான் இயற்கையா வளர்றது, அதை ஒரு கலவைன்னு எடுத்துக்க முடியாதுன்னு சொன்னாங்க. சைலோசைபின் 1985 என்டிபிஎஸ்ங்கிற போதைப்பொருள் சட்டத்துல தடை செஞ்ச பொருள்தான், இன்னைக்கும் அப்படித்தான். உங்க கஸினைக் கூட்டிட்டுப் போய் காளானோட பிடிபட்டா நீங்க எல்லாரும் உள்ள போக வேண்டி வரலாம், வழக்கு எப்ப முடியும்னு யாராலும் சொல்ல முடியாது.

நர்ஸ் தேன்மொழி

விக்கி தம்பி, நல்லெண்ணம்னு எனக்குப் புரியுது, அதனாலதான் கோவப்படாம எழுதுறேன். கூட்டிட்டுப் போகாதீங்க.

உங்க ஃப்ரெண்ட்ஸ் உடம்பும் உங்க கஸின் உடம்பும் ஒண்ணு இல்ல. நாள் கணக்கா சரியா சாப்பிடாத உடம்புல பொட்டாசியம் இறங்கியிருக்கும், இதயத் தசையே மெலிஞ்சிருக்கும், துடிப்பு மெதுவா இருக்கும், ஈசிஜில க்யூடின்னு ஒரு இடைவெளி நீண்டிருக்கலாம். சைலோசைபின் நாடித்துடிப்பையும் பிபியையும் ஏத்தும். நல்ல இதயத்துக்கு அது ஒண்ணுமில்ல, இந்த இதயத்துக்கு அது என்ன பண்ணும்னு டெஸ்ட் எடுக்காம யாராலயும் சொல்ல முடியாது. ட்ரயல்ல சேர்க்கிறதுக்கு முன்னாடி ரத்தம், ஈசிஜி எல்லாம் பாத்து நிறைய பேரைத் திருப்பி அனுப்பிடுவாங்க, குடும்பத்துல சைக்கோசிஸ், அதாவது நிஜம் எது பிரமை எதுன்னு தெரியாமப் போற மனநோய் இருந்தா அனுப்பிடுவாங்க. லித்தியம்ங்கிற மனநல மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது சேர்ந்தா வலிப்பு வந்திருக்கு. மலைல பறிச்ச காளான் எந்தக் காளான், அதுல எவ்வளவு இருக்கு, பக்கத்துல வளர்ந்த விஷக்காளான் கலந்திருக்கான்னு எதுவும் தெரியாது. ராத்திரி ரூம்ல அந்தப் பொண்ணுக்கு சுகர் இறங்கினா நீங்க எப்படி கண்டுபிடிப்பீங்க? போதைல இருக்கான்னு நினைச்சிட்டு விட்டுடுவீங்க.

அவளை ஒரு ஜெனரல் ஃபிசிஷியன்கிட்டயும் ஒரு சைக்கியாட்ரிஸ்ட்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரும் வேணும்.

ஈசிஆர் விக்கி

சரிக்கா. போகல. அவ அம்மாகிட்ட இன்னைக்கே பேசுறேன், ஃபிசிஷியன் அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுறோம். சுகர் விஷயம் எங்களுக்கு யாருக்குமே தெரியாது.

டாக்டர் சு. (ஓய்வு)

நான் சென்னையில் மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். விக்கி கேட்டதால நம்ம ஊர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லணும்னு தோணுது.

நம்ம ஊர்ல இந்த நோயே கிடையாது, இது வெள்ளைக்காரங்க வியாதின்னு ரொம்ப நாள் நாங்களே நினைச்சிட்டு இருந்தோம். 1995ல டெல்லி எய்ம்ஸ்லேர்ந்து கண்டேல்வால், சரண், சக்சேனா அஞ்சு நோயாளிங்களைப் பத்தி எழுதினாங்க. 1998ல நம்ம சென்னைலயே மெடிக்கல் மாணவர்கள்கிட்ட ஆய்வு பண்ணி சாப்பாடு சம்பந்தமான மன உளைச்சல் இருக்குன்னு காட்டினாங்க. ஆனா இங்க வர்ற பிள்ளைங்க நிறைய பேர் "குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு"ன்னு சொல்ல மாட்டாங்க. வயிறு உப்புசம், நெஞ்சு கரிக்குது, இறங்க மாட்டேங்குது, பசியே இல்ல, இப்படித்தான் சொல்வாங்க. அதனால மொதல்ல வயிறு டாக்டர், அப்புறம் எண்டோஸ்கோப்பி, அப்புறம் விரதம், பரிகாரம், கடைசியா எங்ககிட்ட, அதுக்குள்ள எலும்பும் தோலுமா ஆயிடுவாங்க. ஹாங்காங்ல சிங் லீ 90கள்லயே இதே மாதிரி பதிவு பண்ணியிருக்கார், பருமன் பத்தின பயம் இல்லாத அனோரெக்ஸியா.

இதுக்கும் சைலோசைபினுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சான் டியாகோ ஆய்வுல குறைஞ்சதா சொல்றது எடை பத்தின கவலை, வடிவம் பத்தின கவலை. என் நோயாளிகள்ல பாதிப் பேர் அந்தக் கேள்வித்தாள்ல ஆரம்பத்துலயே குறைவான மார்க் வாங்கியிருப்பாங்க, ஆனா செத்துப் போற நிலைமைல இருப்பாங்க. அப்ப அவங்களுக்கு இந்த மருந்து எதை மாத்தணும், மாத்திச்சான்னு எதை வச்சு அளக்கணும், இதை யாராவது இங்க உக்காந்து யோசிக்கணும். எனக்குத் தெரிஞ்சு இங்க இந்த நோய்க்கு இந்த மருந்தோட ட்ரயல் எதுவும் நடக்கல, நான் உயிரோட இருக்கும்போதே ஒண்ணு பாக்கணும்னு ஆசை இருக்கு.

மெல்பர்ன் அருண்

சார், ரொம்ப முக்கியமான விஷயம். எலிகிட்ட கேள்வித்தாள் குடுக்க முடியாது, எடையும் ஓட்டமும்தான் அளப்போம், ஒருவேளை அதனாலதான் எலி ஆய்வு நம்ம ஊர் நோயாளிக்கு இன்னும் பக்கத்துல வருதோன்னு இப்ப தோணுது.

இங்க ஆஸ்திரேலியாவுல இது சட்டப்படி கிடைக்குதேன்னு யாராவது கேட்டா, 2023 ஜூலை 1லேர்ந்து அனுமதி வாங்கின சைக்கியாட்ரிஸ்ட் சைலோசைபின் எழுதலாம்ங்கிறது உண்மை, ஆனா மத்த சிகிச்சைக்கு அடங்காத டிப்ரஷனுக்கு மட்டும்தான். ஈட்டிங் டிஸார்டர் அந்தப் பட்டியல்ல இல்ல. டிப்ரஷனுக்கே முழு சிகிச்சைக்கு பல ஆயிரம் டாலர் ஆகுது.

கொங்கு செந்தில்

இன்னும் ஒரு சந்தேகம், அப்புறம் விடுறேன். மருந்து குடுத்தவன் கம்பெனிக்காரன், அவன் பேருல ஆராய்ச்சி நல்லபடியா வந்தா அவன் பங்கு ஏறும். எம்டிஎம்ஏங்கிற இன்னொரு போதைப்பொருளோட கதையும் ஞாபகம் வருது, பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற பிடிஎஸ்டிங்கிற மனநோய்க்கு அற்புதம் அற்புதம்னாங்க, ஈட்டிங் டிஸார்டர் அறிகுறியும் கூடவே குறைஞ்சதுன்னு 2022ல எழுதினாங்க, 2024 ஆகஸ்ட்ல எஃப்டிஏ முடியாதுன்னு சொல்லி இன்னொரு பெரிய ட்ரயல் பண்ணிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. இதுவும் அப்படி ஆகாதுன்னு என்ன நிச்சயம்?

நர்ஸ் தேன்மொழி

நிச்சயம் எதுவும் இல்ல செந்தில். எம்டிஎம்ஏல எஃப்டிஏ சுட்டிக்காட்டினதுல ஒண்ணு, மருந்து வாங்கினவங்களுக்கு மருந்துதான்னு தெரிஞ்சுபோச்சு, பிளாசிபோ வாங்கினவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு, அப்ப நம்பிக்கையால குறைஞ்சதா மருந்தால குறைஞ்சதான்னு பிரிக்க முடியல. சைலோசைபினுக்கும் அந்தச் சிக்கல் அப்படியே இருக்கு, ஆறு மணி நேரம் கண்ணுக்குள்ள கலர் கலரா ஓடினவங்களுக்கு தெரியாமலா இருக்கும்.

கம்பெனி பத்தி உங்க சந்தேகம் சரி, கேக்கணும். ஆனா அனோரெக்ஸியாவுக்கு மருந்து தேட காசு போட முன்வந்தவங்க ரொம்பக் கம்மிங்கிறதும் உண்மை. மருந்தே இல்லாத நோய்க்கு பத்து பேரை வச்சாவது ஒருத்தர் ஆரம்பிச்சிருக்காங்க, எதிர்பார்ப்பை ஊதிப் பெருசாக்காம, பெயிலான அளவீடையும் மறைக்காம எழுதியிருக்காங்க, அதுக்கு எனக்கு மரியாதை இருக்கு. எடை ஏறலங்கிறதை கட்டுரைலயே போட்டாங்க. ஃபார்வர்டு பண்றவங்கதான் அதை வெட்டிட்டாங்க.

என் வார்டு அனுபவத்துல சொல்றேன், எடை ஏறாம மனசு மட்டும் தெளிஞ்சதுன்னு வந்தவங்க ரொம்ப நாள் நிக்கிறதில்ல. பட்டினி கிடக்கிற மூளையே ஒரு நோய்தான். 1944-45லயே அமெரிக்காவோட மின்னசோட்டால ஆன்செல் கீஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 36 ஆரோக்கியமான ஆம்பளைங்களை அரைப்பட்டினி போட்டுப் பாத்தார், அவங்களுக்கு அனோரெக்ஸியா கிடையாது ஒண்ணும் கிடையாது, சில மாசத்துலயே சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பே இல்லாம, சமையல் புத்தகம் சேக்கிறது, தட்டுல இருக்கிறதை மணிக்கணக்கா அளைஞ்சுகிட்டு இருக்கிறது, எரிச்சல், சோர்வுன்னு ஆயிட்டாங்க. திரும்ப சாப்பாடு போட்டப்பறமும் சரியாக மாசக்கணக்கு ஆச்சு. அதனால சைலோசைபின் நாளைக்கே அனுமதி வாங்கி வந்தாலும், அது திறந்துவிட்ட அந்த சில நாளுக்குள்ள சாப்பாடு உள்ள போகணும். அதுக்கு ஆளு வேணும், மேசைல கூட உக்கார ஆளு. அந்த வேலைக்கு எந்த கம்பெனியும் காசு போடல, எங்க வார்டுல இந்த மாசமும் நைட் ஷிஃப்ட்டுக்கு ஆள் இல்ல.

நிலவொளி

இதை அப்படியே ஒத்துக்கிறேன் அக்கா. எனக்கு என் அக்கா உக்காந்தா. சண்டை போட்டேன், தட்டைத் தள்ளினேன், கெட்ட வார்த்தை பேசினேன், அவ தன் தட்டுல இருக்கிறதை சாப்பிட்டுக்கிட்டே ஆபீஸ் கதை சொல்லிட்டு இருப்பா, எழுந்து மட்டும் போக மாட்டா.

வன்னிப்பூ

எல்லாருக்கும் நன்றி. இவரையும் இந்த இழையை வாசிக்கச் சொல்லிக் குடுத்தனான், வாசிச்சுப்போட்டு ஒண்டும் கதைக்கேல்ல, ஆனா இரவு மேசையில கடைசி மட்டும் இருந்தவர். நாளைக்கு ஜீபியிட்ட திரும்பப் போறம். நைஸ் வழிகாட்டி பிரிண்ட் எடுத்து வச்சிருக்கிறன். என்ன என்ன டெஸ்ட் கேக்கிறது எண்டு சொல்லுவீங்களோ அக்கா, அங்க போனா எனக்கு வாய் வராது, எழுதிக்கொண்டு போறன்.

நர்ஸ் தேன்மொழி

எழுதிக்கோங்க அக்கா. ஈசிஜி. ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சுகர். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்னப்பறமும் நாடியும் பிபியும். பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சுன்னு சொல்லுங்க. மயக்கம் வந்ததா, குளிர்றதுன்னு சொல்றாளா, மாடிப்படி ஏறும்போது சிரமமான்னு அவங்க கேக்கலன்னாலும் சொல்லுங்க. சிறுவர்களுக்கான ஈட்டிங் டிஸார்டர் டீமுக்கு ரெஃபரல் வேணும்னு வாயால கேளுங்க, கேட்டதைக் குறிப்புல எழுதச் சொல்லுங்க. அங்க மனநல மருத்துவர்களோட ராயல் காலேஜ் 2022ல மீட்னு ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க, ஈட்டிங் டிஸார்டர்ல எதெல்லாம் அவசர நிலைன்னு, ஜீபிக்கு அது தெரிஞ்சிருக்கணும், அந்தப் பேரைச் சொல்லுங்க. மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, ஏ அண்ட் ஈ.

போயிட்டு வந்து இங்க எழுதுங்க, நான் ஷிஃப்ட் முடிஞ்சதும் பாக்கிறேன்.